ஒரே படைநூல், மூன்று போர்க்களங்கள்

இரண்டு பொம்மைப் படைகளும் மேசைமேல் அணிவகுத்தாயிற்று. முதல் பகடை இன்னும் உருளவில்லை. அந்த இடைவெளியில் பிரெட்டோனியப் படையை ஆடுபவரிடம் விதி ஒரு கேள்வி கேட்கிறது: உங்கள் நைட்டுகள் மண்டியிட்டு ஏரித் தேவியை வணங்கப் போகிறார்களா, இல்லையா? வணங்கினால் அருள் உண்டு. ஆனால் ஆட்டத்தை முதலில் தொடங்கும் உரிமை எதிராளியின் கைக்குப் போய்விடும். அவருடைய பீரங்கிகளும் வில்லாளிகளும் ஒரு சுற்று முழுக்கத் தடையின்றி அடித்துத் தீர்க்கலாம். பக்திக்கு இப்படி ஒரு விலையை எண்ணால் எழுதிவைத்தது, 2004இல் வெளிவந்த பிரெட்டோனியா படைநூல்.

ஆட்டத்தின் பெயர் வார்ஹேமர். பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் இங்கிலாந்தில் உருவாக்கி 1983இல் வெளியிட்ட கற்பனைப் போர் விளையாட்டு. பின்னர் அது கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் பெரும் வணிகமாக வளர்ந்தது. 1984, 1987, 1992, 1996, 2000, 2006, 2010 எனப் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஆளுக்கு ஒரு படை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு புள்ளி விலை. இரு தரப்பும் சம புள்ளிகளுக்குள் படை திரட்ட வேண்டும். நகர்வை அங்குலத்தில் அளக்கிறார்கள், வெட்டையும் குத்தையும் ஆறுமுகப் பகடை தீர்மானிக்கிறது.

விதிகள் இரண்டு அடுக்காக இருக்கும். எல்லோருக்கும் பொதுவான விதிநூல் ஒன்று. ஒவ்வொரு இனத்துக்கும் நாட்டுக்கும் தனியான படைநூல் இன்னொன்று. ஆடுபவர்கள் பெரும்பாலும் தம் படைநூலைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள்: இந்த முறை நமக்கு என்ன கொடுத்தார்கள், எதைப் பிடுங்கினார்கள் என்று. பிரெட்டோனியாவின் வரலாறு வேறு பக்கம் விரல் நீட்டுகிறது. அந்த நைட்டுகளின் பலத்தையும் பலவீனத்தையும் அவர்களுடைய சொந்த நூலைவிடப் பொதுநூலே அதிகம் தீர்மானித்தது. இதைச் சோதித்துப் பார்க்க அரிதான வாய்ப்பும் இருக்கிறது. 2004இன் படைநூல் புதிய நூலால் மாற்றப்படாமலே 6, 7, 8 ஆகிய மூன்று பதிப்புகளிலும் புழக்கத்தில் இருந்தது.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களின் பிரெட்டோனியா வீரமும் பக்தியும் கமழும் நாடல்ல. 1986இல் வந்த வார்ஹேமர் கதாபாத்திர விளையாட்டு அதைச் சீரழிந்த பிரபுக்கள் ஆளும் தேசமாகவே வரைந்தது. புரட்சிக்கு முந்தைய பிரான்சின் அழுகல் வாடை அதில் அடித்தது. பவுடர் பூசிய முகங்கள் ஒரு பக்கம், பசித்த குடிகள் மறு பக்கம். 1988இன் படைத் தொகுப்பு நூலில் பிரெட்டோனியாவுக்கும் பட்டியல் கிடைத்தது. ஆனால் இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் கண்முன் வரும் படை அதிலிருந்து பிறக்கவில்லை.

அது பிறந்தது 1996இல், ஐந்தாம் பதிப்போடு. அந்த ஆண்டின் தொடக்கப் பெட்டியிலேயே பல்லி மனிதர்களுக்கு எதிர்த்தரப்பாகப் பிரெட்டோனியர் வந்தார்கள். நைஜல் ஸ்டில்மன் எழுதிய படைநூல் பிரெஞ்சுப் புரட்சியைத் தூக்கி எறிந்துவிட்டு ஆர்தர் மன்னன் கதைகளை உள்ளே கொண்டுவந்தது. ஏரியிலிருந்து எழும் தேவி, புனிதக் கிண்ணத்தைத் தேடி அலையும் நைட்டுகள், காட்டில் தோன்றும் பச்சை நைட், மோர்கியானா என்ற மாயக்காரி. போதாதென்று ராபின் ஹூட்டை நினைவூட்டும் பெர்ட்ராண்ட் என்ற கொள்ளைக்காரனும், ஜோன் ஆஃப் ஆர்க்கை நினைவூட்டும் ரெபான்ஸ் என்ற பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். ஆங்கிலக் கதையும் பிரெஞ்சுக் கதையும் ஒரே கொடியின்கீழ் நின்றன. அவ்விரு நாடுகளும் நூறாண்டுப் போரில் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டவை என்பதை நூல் சௌகரியமாக மறந்துவிட்டது.

அந்தப் பதிப்பின் போக்கு நாயகர்களுக்கானது. படைச் செலவில் பாதிவரை தனி நாயகர்கள்மேல் கொட்டலாம். மந்திர வாளும் மந்திரக் கவசமும் ஏந்திய ஒரு தளபதி தனியாளாக ஒரு படையைச் சிதறடிப்பது சாதாரணக் காட்சி. அந்தக் காலத்துக்கு ‘ஹீரோஹேமர்’ என்ற கேலிப்பெயர் பின்னாளில் நிலைத்தது. கூட்டமாகப் பாய்ந்து வெல்ல வேண்டிய நைட்டுகளுக்கு இதில் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. அவர்களுக்கென்று தனித்துக் கிடைத்தது ஈட்டி அணி: முன்னால் ஒருவர், அடுத்த வரிசையில் இருவர், அதன்பின் மூவர் என்று விரியும் ஆப்பு வடிவம். படத்தில் பார்த்தால் அழகு. மேசையில் சதுர அடித்தட்டுகளை வைத்து முக்கோணம் கட்டுவது எரிச்சலான வேலை.

2004இன் நூல் அந்த முக்கோணத்தை நேராக்கியது. மூன்று பேர் அகலம், வேண்டிய அளவு ஆழம். பார்வைக்குச் சிறிய திருத்தம். ஆனால் படையின் முதுகெலும்பே அதுதான்.

போர் முடிவை இந்த ஆட்டம் எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். கைகலப்பு முடிந்ததும் இரு தரப்பும் புள்ளி கூட்டுவார்கள். வீழ்த்திய ஒவ்வோர் எதிரிக்கும் ஒன்று. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு முழு வரிசைக்கும் ஒன்று, அதிகபட்சம் மூன்று. கொடிக்கு ஒன்று. ஆறாம் பதிப்பில் எண்ணிக்கையில் மிஞ்சிய தரப்புக்கு இன்னொன்று. குறைவாகப் பெற்றவர் தோற்றவர். அவர் இரண்டு பகடை உருட்டி, தன் மன உறுதி எண்ணிலிருந்து தோல்வி வித்தியாசத்தைக் கழித்து வரும் எண்ணுக்குள் வீச வேண்டும். மீறினால் அணி உடைந்து ஓடும்.

ஆறாம் பதிப்பில் ஒரு வரிசை கணக்கில் சேர அதில் நால்வர் இருக்க வேண்டும். ஒன்பது குதிரை வீரர்களை வைத்திருக்கும் வேறொரு நாட்டுப் படை 4, 4, 1 என்று நிற்கும். வரிசைக்கு ஒரு புள்ளி. பிரெட்டோனியர் ஒன்பது பேரும் 3, 3, 3 என்று நின்று இரண்டு புள்ளி வாங்குவார்கள். 2006இல் அலெசியோ கவதோரே எழுதிய ஏழாம் பதிப்பு, வரிசைக்கு ஐந்து பேர் வேண்டும் என்றாக்கியது. மற்றவர்களின் ஒன்பது வீரர்கள் இப்போது 5, 4 என நின்று எதையும் பெறுவதில்லை. பிரெட்டோனியருக்கோ அதே இரண்டு. அவர்களுடைய நூலில் ஒரு கமா கூட நகரவில்லை. ஒரு புள்ளியாக இருந்த அனுகூலம் இரட்டிப்பாகிவிட்டது.

ஈட்டி அணியின் இன்னொரு பாதி, யாரெல்லாம் அடிக்கலாம் என்பது. வழக்கமாக முன்வரிசை மட்டும் அடிக்கும். பாய்ந்து மோதும் சுற்றில் பிரெட்டோனிய அணியின் இரு விளிம்புகளில் இருப்பவர்களும் அடிப்பார்கள். ஒன்பதில் ஏழு பேர். நடுவில் அகப்பட்ட இருவர் மட்டும் சும்மா வர வேண்டியதுதான்.

குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு அங்கி போர்த்திய குதிரை மற்ற நாடுகளில் ஓர் அங்குலம் மெதுவாகும். பிரெட்டோனியாவின் உயர்சாதிக் குதிரை மெதுவாகாது. ஆறு, ஏழாம் பதிப்புகளில் பாய்ச்சல் தூரம் நடையின் இரு மடங்கு என்பதால் மற்றவர்களின் நைட்டுகள் 14 அங்குலம் பாய்ந்தால் இவர்கள் 16. முன்கூட்டியே அளந்து பார்க்க அனுமதி இல்லாத காலம் அது. கண்மதிப்பு கூர்மையானவருக்கு இந்த இரண்டு அங்குலம் சொத்து. யார் முதலில் பாய்கிறாரோ அவரே முதலில் அடிப்பார், அடிபட்டுச் செத்தவரின் இடத்துக்கு வந்தவர் அந்தச் சுற்றில் திருப்பி அடிக்க முடியாது.

இனி தொடக்கத்தில் சொன்ன அருள். மண்டியிட்டு வணங்கிய நைட்டுக்குக் கவசம் தவறினாலும் ஒரு கடைசிக் காப்பு உண்டு. சாதாரண அடிக்குப் பகடையில் 6 விழுந்தால் பிழைப்பான். பலம் 5 அல்லது அதற்கு மேற்பட்ட அடிக்கு 5 விழுந்தாலே போதும். அடி எவ்வளவு கொடியதோ அவ்வளவு அருள். கனக் கவசம், கேடயம், குதிரை, குதிரைக்கு அங்கி எல்லாம் சேர்ந்து இந்த நைட் 2 முதல் எதை வீசினாலும் சாதா அம்பைத் தட்டிவிடுவான். அவனுக்கு அருள் பெரிதாகத் தேவைப்படாது. கவசத்தைக் காகிதமாக்கும் பீரங்கிக் குண்டின் முன்புதான் அந்த மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வேலை செய்கிறது. ஆனால் ஓடினால் அருள் போய்விடும். ஒற்றைக்கு ஒற்றைச் சவாலை மறுத்தாலும் போய்விடும். கோழைத்தனத்துக்கான தண்டனையை இவ்வளவு கச்சிதமாகக் கணக்கில் கோத்த விதி இந்த ஆட்டத்தில் அதிகம் இல்லை.

சாதி அடுக்கும் எண்களில் ஏறியிருந்தது. நாட்டு நைட் ஒருவனின் விலை 24 புள்ளி, மன உறுதி 8. இரண்டு பகடையில் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு 72. அவனோடு வரும் குடியானவக் காலாளின் விலை 5 புள்ளி, மன உறுதியும் 5. தேறும் வாய்ப்பு நூற்றுக்கு 28. பக்கத்தில் பிரபுக்கள் நின்றால் அவர்களுடைய உறுதியைக் குடியானவர்கள் கடன் வாங்கலாம். மாறாக, குடியானவர்கள் சிதறி ஓடுவதைப் பார்த்து நைட்டுகள் கலங்குவதே இல்லை. அவர்கள் செத்தால் என்ன, ஓடினால் என்ன என்ற அலட்சியத்தையே விதியாக்கிவிட்டார்கள். செத்துப்போன கிண்ண நைட்டின் எலும்பைச் சட்டத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு பித்தேறிய பக்தர்கூட்டம் ஒன்றும் போருக்கு வரும். 1980களின் இருண்ட கேலி அந்த இடத்தில் மட்டும் பழைய வாசனையோடு எட்டிப் பார்த்தது.

வில்லாளிகள் விஷயம் இன்னும் வேடிக்கை. பிரெட்டோனியக் குடியானவன் நெடுவில் ஏந்துகிறான்; குதிரைகளைத் தடுக்கக் கூரிய முளைகளை முன்னால் நட்டுவைக்கிறான். 1415இல் அஜன்கூரில் பிரெஞ்சு நைட்டுகளைச் சாய்த்த ஆங்கிலேயரின் உத்தி அதுவே. தோற்றவர்களின் உடையைப் போட்ட படைக்கு வென்றவர்களின் ஆயுதம் கிடைத்தது. நைட்டுகளுக்கோ வில்லும் வேட்டும் இழுக்கு. கல்லெறி பொறி ஒன்றுக்கு இடம் உண்டு, அதையும் குடியானவர்களே இயக்க வேண்டும். வெடிமருந்து கிடையவே கிடையாது.

2010இல் மேட் வார்ட் எழுதிய எட்டாம் பதிப்பு வந்தது. பிரெட்டோனியாவுக்குப் புதிய நூல் வரவில்லை. நைட்டின் விலை அதே 24. ஈட்டி அணி அதேதான், அருளும் அதே. எதிரில் நின்ற காலாட்படையைத்தான் பொதுநூல் மாற்றி எழுதிவிட்டது. பாய்ந்தவர் முதலில் அடிப்பார் என்ற சலுகை போய், வேகம் கூடியவர் முதலில் அடிப்பார் என்றானது. பாய்ந்தவருக்கு ஆறுதலாக ஒரு புள்ளி. செத்தவனின் இடத்துக்கு வந்தவன் உடனே திருப்பி அடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டெட்ஃபாஸ்ட் என்ற விதி: தோற்ற அணிக்கு வென்றவரைவிட அதிக வரிசைகள் இருந்தால், தோல்வி வித்தியாசத்தைக் கழிக்காமல் முழு மன உறுதியிலேயே சோதனை.

ஒரே மோதலை இரண்டு பதிப்புகளிலும் நடத்திப் பார்க்கலாம். ஒன்பது நாட்டு நைட்டுகள், 3, 3, 3. எதிரே எம்பயர் நாட்டின் 25 ஈட்டிக் காலாட்கள், ஐந்து ஐந்தாக ஐந்து வரிசை, மன உறுதி 7. இரு பக்கமும் கொடி உண்டு. குதிரைகளின் உதைகளையும் காலாட்களின் எதிரடியையும் எளிமைக்காக விட்டுவிடுவோம். ஏழு ஈட்டிக் குத்துகளில் மூன்றில் இரண்டு படும், பட்டதில் ஆறில் ஐந்து சாய்க்கும். சராசரியாக நான்கு பேர் காலி.

ஆறாம் பதிப்பில் நைட்டுகளுக்கு 4 உயிர், 2 வரிசை, 1 கொடி, ஆக 7. காலாட்களுக்கு 3 வரிசை, 1 கொடி, எண்ணிக்கைக்கு 1, ஆக 5. வித்தியாசம் இரண்டு. காலாட்கள் 5க்குள் வீச வேண்டும். நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 28. பக்கத்தில் மொத்தப் படைக்குமான கொடி இருந்து மறுபடி வீச முடிந்தால் 48.

எட்டாம் பதிப்பில் நைட்டுகளுக்குப் பாய்ச்சல் புள்ளியும் சேர்ந்து 8. எண்ணிக்கைப் புள்ளி ஒழிந்துவிட்டதால் காலாட்களுக்கு 4. நைட்டுகள் முன்னைவிடப் பெரிதாக, நான்கு புள்ளி வித்தியாசத்தில் வெல்கிறார்கள். ஆனால் காலாட்களுக்கு வரிசைகள் அதிகம், ஸ்டெட்ஃபாஸ்ட். 7க்குள் வீசினால் போதும். நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 58, மறுவீச்சு இருந்தால் 83.

வெற்றி கூடியிருக்கிறது, பலன் கரைந்திருக்கிறது. அடுத்த சுற்றில் பாய்ச்சல் பலம் இல்லை. ஈட்டியின் கூடுதல் இரண்டு பலம் போய், 24 புள்ளி நைட் சாதா மனிதனின் பலத்தோடு கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொள்வான். பக்கவாட்டில் வேறொரு படை வந்து விழ அதுதான் தருணம். பாய்ச்சல் தூரமும் இதேபோல் ஆனது: எட்டு அங்குலத்தோடு மூன்று பகடையில் உயர்ந்த இரண்டைக் கூட்ட வேண்டும். சராசரி பதினாறுக்குச் சற்று மேல், பழைய அளவுதான். ஆனால் 10இலிருந்து 20வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். அளந்து பார்க்க எல்லோருக்கும் அனுமதி கிடைத்துவிட்டதால் கண்மதிப்பு என்ற கலைக்கும் மதிப்பில்லை.

பிரெட்டோனியா ‘பழைய நூல்’ ஆகிவிட்டதால் வீழ்ந்தது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. நூலின் வயது ஒரு காரணம்தான். ஆனால் அதே வயதுள்ள அதே நூல் ஏழாம் பதிப்பில் வலுவாக நின்றதே. எட்டாம் பதிப்பு குதிரைப்படைக்கு எதிரான ஒரு வரலாற்றுப் பார்வையைக் கையில் எடுத்தது என்பதே சரியான வாசிப்பு. 1302இல் கோர்ட்ரேயில் ஃபிளாண்டர்ஸ் நகரத்துக் கைவினைஞர்கள் தடியும் ஈட்டியுமாக நெருங்கி நின்று பிரெஞ்சு நைட்டுகளை அழித்தார்கள். ஆழமாக நின்ற காலாள் கலையாவிட்டால் குதிரை தோற்கும். ஆறாம் பதிப்பு, நைட்டுகள் தங்களைப் பற்றிப் பாடிக்கொண்ட கதையை நம்பியது. எட்டாம் பதிப்பு அந்தக் கைவினைஞர்களின் சாட்சியத்தை. விளையாட்டாக எது மேல் என்று கேட்டால், ஆறாம் பதிப்பின் பக்கம் சாய்வதற்கு நியாயம் உண்டு. தவறான பாய்ச்சலுக்கும் சரியான பாய்ச்சலுக்கும் இடையே அங்கே பெரிய வித்தியாசம் இருந்தது. எட்டாம் பதிப்பில் நாற்பது ஐம்பது பேரை அடுக்கிவைத்தவர் பாதிச் சிந்தனையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டார்.

2015இல் அந்த உலகத்தையே நிறுவனம் கதையில் அழித்து, ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’ என்ற புதிய ஆட்டத்தைத் தொடங்கியது. பிரெட்டோனியருக்கு ஓர் இலவச விதித்தாள் தொகுப்பு கிடைத்தது. பொம்மைகள் விற்பனையிலிருந்து மறைந்தன. ஒவ்வொரு நைட்டின் கேடயத்துக்கும் தனித்தனிச் சின்னம் வரைந்து மாதக்கணக்கில் செலவிட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மறுவருடம் புதிய ஆட்டத்தில் வந்த ‘ஃபிளெஷ் ஈட்டர் கோர்ட்ஸ்’ படை வினோதமானது. பிணம் தின்னிகள் தங்களை மாண்புமிக்க நைட்டுகளாகவும் அரசவைப் பிரபுக்களாகவும் பித்தத்தில் நினைத்துக்கொள்கின்றன. நைட் நெறி அந்த ஆட்டத்தில் உயிரோடு இருந்தது அவற்றின் மூளையில் மட்டும்.

பழைய உலகத்தை மீட்கும் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டு 2024 ஜனவரியில் வெளியானபோது, முதலில் வந்த இரண்டு படைகளில் ஒன்று பிரெட்டோனியா. மற்றது கெம்ரியின் கல்லறை மன்னர்கள். பழைய அச்சுகளில் வார்த்த பொம்மைகள் பல மறுபடி கடைக்கு வந்தன. குதிரையிலிருந்து இறங்கி நடந்து போரிடும் நாட்டு நைட்டுகள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஈட்டி அணி திரும்பியது, அருளும் திரும்பியது.

இங்கும் பொதுநூலைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் முதன்முறையாகப் பாய்ந்து மோதும்போது எதிரியின் வரிசைகளைக் குலைத்து, அவற்றின் புள்ளியை இல்லாமல் செய்யும் சிறப்பு விதி ஒன்று நைட்டுகளுக்குக் கிடைத்தது. தோற்றவர்களுக்கு முடிவுகள் மூன்றாகப் பிரிந்தன. பகடை எண் மன உறுதியையே மீறினால் உடைந்து ஓட்டம். மீறாமல், தோல்வி வித்தியாசத்தைக் கூட்டியபின் மட்டும் மீறினால் ஒழுங்கு குலையாத பின்வாங்கல். இரண்டிலும் தேறினால் சற்றே இடம் விட்டுக்கொடுத்து நிற்கலாம்.

மன உறுதி 7 உள்ள காலாட்கள் நான்கு புள்ளியில் தோற்றதாக வைத்துக்கொண்டால், உடையும் வாய்ப்பு நூற்றுக்கு 42. எட்டாம் பதிப்பின் ஸ்டெட்ஃபாஸ்ட் காலாள் உடைந்த அதே விகிதம். ஆனால் அன்று இம்மி நகராமல் நின்ற அந்த 58இல் இன்று 50 பின்வாங்கலாகிவிடுகிறது. முட்டிக்கொண்டு நிற்பது 8 மட்டுமே. நைட்டுகள் சேற்றில் சிக்குவதில்லை. எதிரியும் அழிந்துவிடுவதில்லை. மறுபடி பாய இடம் கிடைக்கிறது, பாய்வதற்கு எதிரியும் மிச்சம் இருக்கிறான். ஆறாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் நடுவே நிற்கும் ஏற்பாடு இது. குதிரைப்படை ஆடுபவருக்கு இதுவரை கிடைத்தவற்றில் நிதானமானதும் இதுவே.

ஓல்ட் வேர்ல்டோடு வந்த துணைநூலில் பிரெட்டோனியருக்கு இரண்டு மாற்றுப் பட்டியல்கள் இருந்தன. ஒன்று, இளம் நைட்டுகள் கிளம்பும் புனிதப் படையெடுப்பு. மற்றது, நாட்டை விட்டு எல்லைச் சிற்றரசுகளில் போய்க் குடியேறியவர்களின் படை. பின்னதன் பட்டியலில் குண்டெறியும் பீரங்கி ஒன்று இடம்பெற்றிருக்கிறது. ஏரித் தேவியின் நாட்டுக்குள் எந்தப் பிரபுவும் தொடாத வெடிமருந்து, எல்லை தாண்டியவனுக்கு அனுமதிக்கப்பட்டுவிட்டது.